அன்னைக்குக் கால் இருந்த இடம்

"இந்த ஹெட்டுல காத்து பத்தலீங்க. இன்னும் நெறையக் காத்து போற மாதிரி பண்ணித் தரோணும்."

நஞ்சுண்டன் சாக்கை அவிழ்த்து அந்த இரும்பு ஹெட்டை மேசைமேல் வைத்தான். வைத்தான் என்று சொல்வது தப்பு. போட்டான்.

அம்சவேணி மேசையைப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள்.

"மேசை என்னங்ணா பண்ணுச்சு?"

அவன் கையைச் சாக்கில் துடைத்தான்.

அவளுக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். அவனுக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. ஆனால் கோயமுத்தூரில் ஹெட் வேலைக்கு யாரைக் கேட்டாலும் கணபதியில், லேத்துப் பட்டறைகளுக்கு நடுவில் இருக்கிற இந்தத் தகரக் கொட்டகையைத்தான் கை காட்டினார்கள். கார் இஞ்சினுக்கு மூக்கு மாதிரி இந்த ஹெட். அதற்குள் காற்று போகிற வழியைக் குடைந்து, வளைவைச் சரி செய்துவிட்டால், அதே இஞ்சின் முன்னைவிட நன்றாக இழுக்கும். பந்தயக் கார் ஓட்டுகிற பையன்கள் பெரிய பெரிய வண்டியை வெளியே நிறுத்திவிட்டு அவள் வாசலில் செருப்பைக் கழற்றி நிற்பார்கள்.

"பந்தயத்துக்குங்களா?" என்று கேட்டாள்.

"ஏத்தத்துக்கு."

"எந்த ஏத்தம்?"

"ஓடக்கொம்பை ஏத்தம். நீலகிரில. எங்க ஊர் கீழ பள்ளத்துல இருக்குது. ஆஸ்பத்திரி மேல."

"வண்டில யாரு இருந்தாங்க?"

அதை அவன் எதிர்பார்க்கவில்லை. மற்ற மெக்கானிக்குகள் எல்லாம் என்ன வண்டி, எந்த வருஷம் என்றுதான் கேட்டார்கள்.

"என் சம்சாரம். துளசிமணி."

கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து வயிற்றில் தங்கிய பிள்ளை. நாள் நெருங்குவதற்கு முன்னாலேயே வலி வந்துவிட்டது. இரத்தமும் வந்தது. அவன் வாடகைக்கு ஓட்டுகிற பழைய பெட்ரோல் கார் வாசலில்தான் நின்றது. பின் சீட்டில் படுக்க வைத்து அவனே ஓட்டினான். மேலே ஆஸ்பத்திரி வாசலில் கார்க் கதவைத் திறந்த நர்ஸம்மா உள்ளே குனிந்து பார்த்தார். ஸ்ட்ரெச்சர் கொண்டு வாங்க என்று யாரையும் கூப்பிடவில்லை.

"கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கொஞ்சம்தான் நஞ்சுண்டனைத் தூங்கவிடாமல் இங்கே வரைக்கும் இழுத்து வந்தது.

"வண்டி இழுக்கலீங்க. அதான் அவ போயிட்டா. வயித்துல இருந்ததும் போயிருச்சு. ஹெட்டுல காத்து நல்லாப் போயிருந்தா அவ பொழைச்சிருப்பாளா, மாட்டாளா? அது எனக்குத் தெரியோணும். தெரிஞ்சாப் போதும். அப்புறம் எக்கேடோ கெட்டுப் போறேன்."

அம்சவேணி ஹெட்டைத் திருப்பி, காற்று போகிற வழிக்குள் விரலை விட்டுத் தடவினாள். கேழ்வரகு மாவில் கல் இருக்கிறதா என்று தடவுகிற மாதிரி.

"அன்னைக்கு ஆக்சிலேட்டர்ல உங்க கால் எங்க இருந்துச்சு?"

"அதெதுக்கு உங்களுக்கு?"

"ஹெட் வேலைக்கு மொதக் கேள்வியே அதானுங்ணா. ஓட்டறவங்க கால் எங்க இருக்குதோ, அதை வெச்சுத்தான் வழியைக் குடையோணும்."

"முழுசா அமுக்கியிருந்தேன். அடி வரைக்கும்."

அவள் குனிந்து அவன் வலது காலைப் பார்த்தாள்.

"சரிங்ணா."

"எப்பக் கெடைக்கும்?"

"நான் பண்ண மாட்டேன்."

"ஏனுங்க?"

"கேள்வி உங்களுது. நீங்களே பண்ணுங்க. நான் சொல்லித் தரேன்."

"நான் டிரைவருங்க. இந்த வேலை தெரியாது."

"தெரியாதுன்னு தெரியுது. ஹெட்டை வெச்ச லட்சணத்துலயே தெரிஞ்சுது."

சொல்லிவிட்டு அதே சாக்கில் அந்த ஹெட்டைச் சுற்றி மேசைக்கு அடியில் தள்ளினாள்.

"இதை நான் சொல்ற வரைக்கும் தொடக் கூடாது. நாளைக்கு வர்றப்ப அந்தக் கார்ல இருக்கற கார்புரேட்டரையும் கழட்டிட்டு வாங்க."

"கார்புரேட்டர்ல கொறை ஒண்ணுமில்லீங்க."

"கொறைன்னு நான் சொல்லலையே."

*

முதல் வேலை, அறுப்பது.

அந்தக் கொட்டகையில் ஒரு பழக்கம் உண்டு. எந்த ஜாதி ஹெட்டாக இருந்தாலும், அதே மாதிரி உதவாத ஹெட் ஒன்றை வாங்கி வந்து, குறுக்கே அறுத்து, உள்ளே பார்த்துவிட்டுத்தான் அடுத்ததில் கை வைக்க வேண்டும். ஒன்று செத்தால்தான் மற்றதைத் தொடலாம். உக்கடத்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து அவன் வண்டியின் ஹெட் மாதிரியே சில ஹெட்டுகள் வந்து இறங்கின. எண்ணெய்ப் பிசுக்கோடு, அடுக்கி வைத்த கரிச்சட்டிகள் மாதிரி.

"அறுக்கற மெஷின்தான் அங்க இருக்குதே" என்றான் நஞ்சுண்டன்.

"கையில அறுங்க."

அன்றைக்குப் பூராவும் அறுத்தான். ரம்பத்தின் பிளேடு ஒடிந்துகொண்டே இருந்தது. உள்ளங்கை கொப்புளித்து உடைந்தது. சாயங்காலம் ஹெட் இரண்டாகப் பிளந்து விழுந்தபோது, உள்ளே குளவிக் கூடு மாதிரி அறை அறையாக இருந்தது.

"இது காத்து போற வழி. அந்தப் பக்கம், இஞ்சின் சூட்டைத் தணிக்கத் தண்ணி நிக்கற எடம். ரெண்டுக்கும் நடுவுல சுவர் எவ்வளவு இருக்குது?"

"தோசைத் தடிமன்கூட இல்லீங்க."

"வெளிய இருந்து பார்த்தப்ப இது தெரிஞ்சுதா?"

"இல்லீங்க."

அவ்வளவுதான் அன்றைய பாடம். அவள் கையைக் கழுவிக்கொண்டு மூலைக்குப் போனாள்.

மூலையில் கூரை இரும்பிலிருந்து ஒரு சேலைத் தொட்டில் தொங்கியது. அதில் அவள் குழந்தை. பெண். கிரைண்டர் காது கிழிகிற மாதிரி கத்தும்போதெல்லாம் அது கையை விரித்துப் போட்டு நிம்மதியாகத் தூங்கும். கிரைண்டர் நின்றால் போதும், விழித்துக்கொண்டு அழும்.

பக்கத்து லேத்துக்கார ஜபருல்லா பாய் எட்டிப் பார்த்துச் சொல்வார்: "ஊருல எல்லா வீட்லயும் ஆத்தாக்காரி தாலாட்டுவா. இங்க மட்டும் தாலாட்டு கரண்டுல ஓடுது. பவர் கட்டுன்னா பாப்பாவுக்குத்தான் மொதல்ல தெரியும்."

குழந்தை அழ ஆரம்பித்ததும் நஞ்சுண்டன் எழுந்து வெளியே போய்விடுவான். இரும்புத் தூள் கொட்டுகிற பீப்பாய் பக்கத்தில், முதுகைக் காட்டி நிற்பான். அழுகை அடங்கின பிறகுதான் உள்ளே வருவான்.

அம்சவேணி அதைப் பார்த்தாள்.

*

அவன் குடைந்தான்.

கையில் கிரைண்டர் இருந்தால் மனசுக்குள் ஒரே வார்த்தைதான் ஓடும். இன்னும். இன்னும் காற்று. இன்னும், இன்னும். அந்த ஏற்றத்தில் வண்டி முக்கி முனகியதும், பின் சீட்டில் அவள் முனகியதும் சேர்ந்து காதில் கேட்கும். அழுத்துவான்.

ஒருநாள் கிரைண்டர் கல் சட்டென்று வழுக்கிச் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போனது.

அம்சவேணி ஹெட்டை வாங்கி ஒரு சொம்புத் தண்ணீரை, தண்ணீர் நிற்கிற பக்கத்து ஓட்டையில் ஊற்றினாள். காற்று போக வேண்டிய வழியில் தண்ணீர் வந்து அவன் காலில் ஒழுகியது.

"இதுல இனிக் காத்தும் போகும், தண்ணியும் போகும்" என்றாள். "வண்டி மட்டும் போகாது."

ஜபருல்லா பாய் அங்கிருந்தே கத்தினார்: "மேஸ்திரிம்மா! உங்க ஆளு ஹெட்டுல கெணறு வெட்டிட்டாரா? தண்ணி நல்லா வருதே!"

நஞ்சுண்டன் சிரிக்கவில்லை. "பெரிசா இருந்தாத்தானே மேஸ்திரியம்மா நெறையப் போகும்?"

"உங்க வீட்ல வெறகடுப்புங்களா?"

"ஆமாங்க."

"யாரு ஊதுவாங்க?"

"அவதான்."

"எதுல?"

"ஊதாங்குழல்ல."

"அதைவிடப் பெரிய குழாய் வீட்ல இல்லீங்களா? தண்ணிக் குழாய், சாக்கடைக் குழாய்? அதுல ஊதினா நெறையக் காத்து போகுமே."

அவன் மனசுக்குள் வீட்டு அடுப்படியைப் பார்த்தான். துளசிமணி குந்தி உட்கார்ந்து, கன்னம் உப்ப, கண் சிவக்க ஊதுகிறாள். சின்னத் துளை வழியாகப் போன மூச்சு பட்டு, ஈர விறகு பிடித்துக்கொள்கிறது. முகத்தில் வெளிச்சம் விழுகிறது.

உடைந்த ஹெட்டை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தான்.

*

பெரிசாக்குவதில் விஷயமில்லை என்று தெரிந்ததும், மினுக்குவதில் இறங்கினான்.

உப்புத்தாளை விரலில் சுற்றிக்கொண்டு காற்று வழியின் சுவரைத் தேய்த்தான். முதலில் சொரசொர தாள். அப்புறம் நைஸ். அதைவிட நைஸ். சாப்பிடப் போகிறபோதும் விரல் தேய்க்கிற மாதிரியே அசைந்துகொண்டிருந்தது. புது எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னியபோது அவளைக் கூப்பிட்டான். அவன் குரலில் அப்போதுதான் முதல்முறையாக ஒரு சின்ன உயிர் இருந்தது.

"உள்ள பாருங்க மேஸ்திரியம்மா."

"நீங்க பாருங்ணா. என்ன தெரியுது?"

"என் மூஞ்சி தெரியுது."

"காத்துக்கு உங்க மூஞ்சி எதுக்கு?"

மை நிரப்புகிற பழைய சொட்டுக்குழாயில் பெட்ரோலை எடுத்து, அந்தக் கண்ணாடிச் சுவரில் சொட்டினாள். சொட்டு உருண்டது. வழுக்கியது. இன்னொரு சொட்டோடு சேர்ந்து, கீழே குட்டையாக நின்றுவிட்டது.

"பெட்ரோல் காத்தோட கலந்து பறந்து போகோணும். சுவர் வழுக்குச்சுன்னா இப்படித்தான் சேந்து நிக்கும்."

சொரசொரத் தாளை நீட்டினாள்.

"கீறுங்க."

"இத்தனை நாள் தேச்சதையா?"

"ஆமாங்ணா."

கீறினான். தன் முகத்தைத் தானே கீறுகிற மாதிரி இருந்தது. கீறல் விழுந்து கண் மறைந்தது, மூக்கு மறைந்தது.

"இப்ப என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலீங்க."

"சரி" என்றாள். போகிற போக்கில், கறிக்கு உப்புப் போட்டாயா என்று கேட்கிற மாதிரி கேட்டாள்: "அன்னைக்குக் கால் எங்கங்ணா இருந்துச்சு?"

"முழுசா அமுக்கியிருந்தேன்னு சொன்னேனில்லீங்களா!"

அந்தக் குரலுக்கு ஜபருல்லா பாய் லேத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

*

புரட்டாசி முடிகிற சமயம் துளசிமணியின் தம்பி போன் பண்ணினான்.

"மாமா, அக்காவுக்குத் திதி வருது. வந்துருவீங்கல்ல?"

"ஹெட் வேலை முடியட்டும் மாப்ள."

"இன்னுமா அதைப் போட்டு உருட்டிட்டு இருக்கறீங்க? வுடுங்க மாமா. வண்டி இழுக்கலைன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? அம்மாகூட அதான் சொல்லுச்சு. மருமகனை ஒண்ணும் சொல்லாதீங்க, அவரு உசுரைக் குடுத்து ஓட்டியிருப்பாருன்னு. உங்க மேல யாருக்கும் ஒரு இது இல்ல மாமா."

நஞ்சுண்டன் போனைச் சட்டைப் பையில் போட்டான். மாமியார் அவனைத் திட்டியிருந்தால் தேவலை. மண்ணை வாரித் தூற்றியிருந்தாலும் தாங்கியிருப்பான்.

மேசைக்கு அடியில் குனிந்து, சாக்குச் சுற்றிய தன் ஹெட்டை வெளியே இழுத்தான். சுவரோரம் இருந்த சம்மட்டியை எடுத்தான். தலைக்கு மேல் தூக்கினான்.

அம்சவேணி குழந்தைக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"அடிக்கறதுன்னா அடிங்ணா" என்றாள். "ஆனா அடிச்சுட்டா, அப்புறம் கேக்கறதுக்கு வேற ஆளில்ல. அன்னைக்கு அந்த ஏத்தத்துல இருந்தவங்கள்ல மிச்சம் நீங்களும் அதுவும்தான்."

சம்மட்டி மேலேயே நின்றது. அப்புறம் கீழே போட்டான். அது தரையில் விழுந்த சத்தத்துக்குக் குழந்தை சிரித்தது.

அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"முடியலீங்க. ராத்திரி கண்ணை மூடினா அந்த ரோடுதான் வருது. ஏறவும் மாட்டேங்குது, முடியவும் மாட்டேங்குது. செத்துப் போயிரலாம்னு இருக்குதுங்க."

அவள் அவனைப் பார்த்தாள். எதிரே இருந்த தட்டிலிருந்து ஒரு உருண்டை சோறு உருட்டி அவன் கையில் வைத்தாள்.

"சாப்புடுங்க. வால்வு உக்கார்ற எடம் இன்னும் தேய்க்காமக் கெடக்குது. அதை வேற யாரு தேய்ப்பாங்க?"

அவன் அந்தச் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் இருந்தான். அப்புறம் தின்றான். எழுந்து போய்த் தேய்த்தான்.

*

ஒரு வழியாக ஹெட் ஒன்று தேறியது.

கொட்டகையின் நடுவில் ஒரு மரப்பெட்டி உண்டு. அம்சவேணி தானே செய்தது. பெட்டிக்குள் காற்றை உறிஞ்சுகிற மோட்டார்கள். பெட்டியின் மேல் ஹெட்டை வைத்து முடுக்கி மோட்டாரைப் போட்டால், ஹெட்டின் வழியாகக் காற்று உள்ளே இழுக்கும். பக்கத்தில் பலகையில் சாய்த்து அடித்த ஒரு நீளக் கண்ணாடிக் குழாய். அதில் துணிக்குப் போடுகிற சொட்டு நீலம் கலந்த தண்ணீர். எவ்வளவு காற்று போகிறதோ, அவ்வளவு தூரம் நீலத் தண்ணீர் அந்தச் சாய்வில் ஏறும்.

தன் கையால் குடைந்த ஹெட்டை நஞ்சுண்டனே தூக்கி வைத்தான். இந்தத் தடவை போடவில்லை. வைத்தான்.

காற்றையும் பெட்ரோலையும் கலந்து ஹெட்டுக்கு அனுப்புவது கார்புரேட்டர்; அவன் கொண்டு வந்ததை அவள் எடுத்து, ஹெட்டின் காற்று வாயில் பொருத்தினாள். அதன் தொண்டையில் காசு மாதிரி ஒரு வட்டமான பித்தளைத் தகடு. வெளியே ஒரு சின்னக் கை. காரில் காலால் ஆக்சிலேட்டரை அமுக்க அமுக்க, அந்தக் கை திரும்பித் தகடு திறக்கும். காலை எடுத்தால் மூடிக்கொள்ளும்.

"தகட்டை முழுசாத் தொறங்க."

திறந்தான். மோட்டார் உறுமியது. தொட்டிலில் குழந்தை கையை விரித்துப் போட்டுத் தூங்கியது.

நீலத் தண்ணீர் ஏறியது. சாய்வில் நிற்காமல், திணறாமல், ஏறி ஏறி மேலே போய் நின்றது. அம்சவேணி அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள்.

"இப்ப உங்க ஹெட்டைக் கொண்டாங்க. சாக்குல இருக்கறதை."

அவன் கொண்டு வந்தான். யார் கையும் படாத, அன்றைக்கு இருந்தபடியே இருக்கிற ஹெட். அதை மாட்டி, அதே கார்புரேட்டரை வைத்து, முழுசாகத் திறந்தான்.

தண்ணீர் ஏறியது. பாதி தாண்டி, கொஞ்சம் போய், நின்றுவிட்டது. சாக்பீஸ் கோடு எங்கேயோ மேலே இருந்தது.

"பார்த்தீங்களா!" நஞ்சுண்டன் கத்தினான். அழுகையும் சிரிப்புமாக வந்தது. "பார்த்தீங்களா மேஸ்திரியம்மா! நான் சொன்னேனில்ல! காத்து பத்தலைன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே! இதோ இங்க நின்னுருச்சு பாருங்க, மேல ஏற மாட்டேங்குது பாருங்க! இதனாலதான் அவ..."

"இது, தகடு முழுசாத் தொறந்திருந்தா" என்றாள் அவள்.

அவன் நிறுத்தினான்.

"அன்னைக்கு உங்க கால் இருந்த எடத்துக்கு வைங்க."

"முழுசாத்தானுங்க..."

"நான் கேக்கலீங்ணா." அவள் கண்ணாடிக் குழாயைக் காட்டினாள். "அது கேக்குது."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நஞ்சுண்டன் அந்தச் சின்னக் கையின் மேல் விரலை வைத்தான்.

அன்றைக்கு, மழை பெய்து அரித்த ரோடு. ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டி தூக்கிப் போடுகிறது. வண்டிக் கண்ணாடியில் அவள் முகம் தெரியவில்லை, சீட்டின் முனையைப் பிடித்த கை மட்டும் தெரிகிறது. ஊர்க் கோயில் தாண்டின முதல் வளைவிலேயே அவள் கூப்பிட்டாள்.

ஏனுங்க, மெதுவாப் போங்க. தூக்கித் தூக்கிப் போடுது. தாங்க முடியல.

காலைத் தூக்கினான்.

அடுத்த வளைவு. இன்னும் கொஞ்சம் மெதுவாங்க.

கொட்டகைத் தரையில் அவன் வலது கால் தானாக எழும்பியது. விரலும் அதோடு போனது. பித்தளைத் தகடு மூடிக்கொண்டே வந்து, பிறை மாதிரி ஒரு கீற்று மட்டும் திறந்து நின்றது.

நீலத் தண்ணீர் இறங்கியது. இறங்கி, கீழே ஒரு இடத்தில் நின்றது.

அம்சவேணி அங்கே ஒரு கோடு போட்டாள்.

"கை அசையக் கூடாதுங்ணா. அப்படியே புடிங்க."

அவன் கார்புரேட்டரை அப்படியே பிடித்துக்கொண்டான். அவள் அடியிலிருந்த பழைய ஹெட்டைக் கழற்றி எடுத்துவிட்டு, அவன் குடைந்த நல்ல ஹெட்டை வைத்து முடுக்கினாள். கார்புரேட்டரை அதன் வாயில் வைத்தார்கள். அதே கீற்று.

தண்ணீர் அசைந்தது. கோட்டுக்கு வந்தது. நின்றது.

அவன் காத்திருந்தான். குழாயை விரலால் தட்டினான். குனிந்து, கண்ணைக் குழாயோடு ஒட்டி வைத்துப் பார்த்தான்.

அதே கோடு.

"வாசலே இவ்வளவுதான் தொறந்திருக்குது" என்றாள். "உள்ள வழி எப்படி இருந்தா என்னங்ணா."

நஞ்சுண்டன் பெட்டியின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டான். மோட்டாரின் அதிர்வு கை வழியாக ஏறி உடம்பு பூராவும் ஆடியது.

"மெதுவாப் போகச் சொன்னா" என்றான்.

அவள் சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"வலிக்குதுன்னா. மெதுவாப் போங்கன்னா. போனேன். மேல போற வரைக்கும் மெதுவாத்தான் போனேன். நர்ஸம்மா அப்படிச் சொன்னப்ப வண்டி இழுக்கலைன்னு வாய் தானா சொல்லிருச்சு. அப்புறம் மச்சினன்கிட்டச் சொன்னேன். அத்தைகிட்டச் சொன்னேன். ஊருக்கே சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அதுதான் நெசமாயிருச்சு."

"சரிங்ணா."

"அவ சொன்னதைக் கேக்காம நான் முழுசா அமுக்கியிருந்தா? கத்தினா கத்தட்டும்னு போயிருந்தா? அவ பொழைச்சிருப்பாளா மேஸ்திரியம்மா?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கண்ணாடிக் குழாயைப் பார்த்தாள்.

"அதை அளக்கறதுக்கு எங்கிட்டக் குழாய் இல்லீங்ணா."

மோட்டாரை நிறுத்தினாள்.

நீலத் தண்ணீர் சாய்வில் மெல்ல இறங்கி, ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேர்ந்தது.

கொட்டகையில் சத்தம் நின்றதும் குழந்தை விழித்து அழுதது.

அன்றைக்கு நஞ்சுண்டன் வெளியே போகவில்லை.